காலுக்குச் செய்த ஷூவைக் கண்ணுக்கு வாங்கலாமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

பழைய பாணி லோ-டாப் ஸ்னீக்கர், அதாவது கணுக்காலுக்குக் கீழே நிற்கும் ஷூ, வாங்கப் போனால் முதலில் பார்க்க வேண்டியது தோற்றமா, சௌகரியமா? தோற்றம்தான் என்று எதிரணி நண்பர் விளாசினார். ஐம்பது வருஷமாக மாறாத வடிவமாம். ஜீன்ஸுக்கும் பொருந்துமாம், வேட்டிக்கும் பொருந்துமாம். வேட்டி விஷயத்தை அவர் வீட்டில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, அந்த வடிவம் எங்கிருந்து வந்தது நடுவரே? அடிடாஸ் சூப்பர்ஸ்டார் 1969-இல் வந்த பாஸ்கெட்பால் ஷூ. முன்னால் சிப்பி மாதிரி இருக்கிறதே ரப்பர், அது ஆட்டக்காரரின் விரல் அடிபடாமல் இருக்க வைத்தது. அதே அடிடாஸின் 'ஸ்டான் ஸ்மித்' டென்னிஸ் ஷூ. அதன் பக்கவாட்டில் மூன்று வரிசை ஓட்டை போட்டிருப்பது உள்ளே காற்றுப் போக. இன்றைக்கு இவர்கள் ஸ்டைல் என்று கொண்டாடுவதெல்லாம் அன்றைக்கு ஒருவர் காலுக்குப் பார்த்த சௌகரியம்!

"1962-இல் அமெரிக்க பாஸ்கெட்பால் வீரர் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தது கான்வெர்ஸ் கான்வாஸ் ஷூவில்தானே?" என்று மடக்கினார். ஆமாம். ஆனால் அப்புறம் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். நல்ல தோல் ஷூக்கள் வந்ததும் 1970-களில் வீரர்கள் வரிசையாகக் கான்வாஸைக் கழற்றிவிட்டார்கள். இன்னொரு பெரிய பாஸ்கெட்பால் வீரர் கரீம் அப்துல் ஜப்பார் அடிடாஸ் சூப்பர்ஸ்டாருக்குப் போனார். அவர்களுக்குக் கால்தானே சோறு போட்டது!

அடுத்து, 'சக்' என்று செல்லமாகச் சொல்லும் தன் கான்வாஸ் ஷூவுக்கு 2015-இல் கான்வெர்ஸ் உள்ளே மெத்தை வைத்து 'சக் 2' கொண்டுவந்ததே, ஓடவில்லையே என்றார். நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2013-இல் வந்த 'சக் 70'-ஐ ஏன் மறந்தார்? அதிலும் சாதா 'சக்' ஷூவைவிடத் தடித்த உள்பட்டை உண்டு. அது இன்னும் கடையில் நிற்கிறது. சௌகரியம் சேர்த்தால் ஷூ விற்காது என்ற வாதம் அங்கேயே படுத்துவிட்டது.

"போடப் போடச் சரியாகிவிடும்" என்கிறார்கள். தோல் அகலத்தில் கொஞ்சம் கொடுக்கும். நீளத்தில் கொடுக்கவே கொடுக்காது. தட்டையான ரப்பர் அடியோ நீங்கள் எத்தனை மாதம் நடந்தாலும் தட்டைதான். நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம். ஒடுக்கமான ஜோடியில் சுண்டுவிரல் படும் பாட்டை எந்தக் கண்ணாடியும் காட்டாது. அதனால் சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போங்கள். எப்போதும் போடும் சாக்ஸோடு இரண்டு காலிலும் போட்டு நடந்து பாருங்கள். கான்வெர்ஸ் என்றால் அரை சைஸ் குறைத்தும் ஒரு ஜோடி கேளுங்கள், அது கொஞ்சம் பெரிதாகவே வரும். இத்தனையும் தாண்டி நான்கு ஜோடி தேறினால், அதில் அழகானதை எடுங்கள். யார் வேண்டாம் என்றது?

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். நடுவரே, தீர்ப்பு எழுதுமுன் மேசைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். தோற்றமே என்று முழங்கிய அணித்தலைவர், நான் பேச ஆரம்பித்ததிலிருந்து ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்!