அந்தி நேரத்தில் பாய் விரித்தால் என்ன ஆகும்?

(காட்சி: சாயங்கால வெயிலில் தூத்துக்குடி கடற்கரை. கேமரா கடலைப் பார்த்தபடி இருக்கிறது.)

வணக்கம் மக்களே. பழைய மரக்கப்பல், மேலே விரித்த பாய், எதிரே கடலுக்குள் இறங்கும் சூரியன். இப்படி ஒரு படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள், ஒருநாள் நாமும் போக வேண்டும் என்று நினைத்தும் இருப்பீர்கள். சரி, அதே படத்தை நம்ம தூத்துக்குடியில் எடுக்க முடியுமா?

(கேமரா மெதுவாகத் திரும்பி ஊரைக் காட்டுகிறது.)

முடியாது. நமக்குக் கடல் கிழக்கே. சூரியன் மறைவது ஊர்ப்பக்கம். கரையில் நின்று பார்த்தால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவையும் மாடி வீடுகளையும்தான் பார்க்க வேண்டும். ஆனால் கப்பலில் ஏறிக் கொஞ்ச தூரம் உள்ளே போய்த் திரும்பிப் பாருங்கள். நடுவில் தண்ணீர், அதற்கு அப்பால் கோடு கிழித்த மாதிரி கரை, அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், அதற்கும் பின்னால் சிவந்துபோய் சூரியன். ஆக, கடலுக்கு மேல் அந்தி பார்க்க நமக்கு ஒரு கப்பல் கட்டாயம் வேண்டும்.

(காட்சி: பழைய துறைமுகம், வரிசையாகக் கட்டியிருக்கும் தோணிகள்.)

அந்தக் கப்பலும் இங்கேயே இருந்தது. தோணி என்றால் வெளியூர்க்காரர்கள் ஆற்றைக் கடக்கிற சின்னப் படகை நினைப்பார்கள். தூத்துக்குடியில் தோணி என்பது நூற்றுக்கணக்கான டன் சரக்கோடு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகிற மரக்கப்பல். இந்தக் கரையில் கடல் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் பக்கத்தில் வர முடியாமல் மைல் கணக்கில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கு ஆள் எல்லாம் படகிலும் தோணியிலும்தான் வந்து இறங்கும். 1974ல் புதுத் துறைமுகம் வந்த பிறகுதான் அந்தப் பாடு தீர்ந்தது. (இன்னொன்று, 1986 வரை இதெல்லாம் திருநெல்வேலி மாவட்டம்தான், அதனால் பாளையங்கோட்டைக்காரனான நான் இதை நம்ம கப்பல் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரக்கூடாது.) வ.உ.சி. 1906ல் தொடங்கிய கம்பெனி வாங்கி ஓட்டிய காலியா, லாவோ இரண்டுமே நீராவிக் கப்பல்கள். பாய்க்கப்பல் என்று பலரும் நினைத்துக்கொண்டிருப்பதால் சொல்லி வைக்கிறேன்.

தோணிகளில் இப்போது எஞ்சின் வந்துவிட்டது. நான் போனது அதைவிடச் சின்ன, பாய் போட்ட மர வள்ளத்தில். என் நண்பனுடைய தாத்தா ஒரு காலத்தில் தோணியில் தண்டல், அதாவது கப்பலை நடத்துகிற தலைவர். மாசி மாதம் ஒருநாள் சாயங்காலம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஏறுவதற்கு முன்னாலேயே நான் கேட்டேன், "தாத்தா, சூரியன் மறையிற நேரத்துக்குச் சரியாப் பாய் விரிச்சு ஓடுவோமா?"

சிரித்தார். "ஏ மக்கா, அந்நேரம் பாயை நம்பி எவன் போவான்?"

(காட்சி: கரையும் கடலும், சூடான காற்று மேலே போகும் வரைபடம்.)

ஏன் அப்படிச் சொன்னார்? மத்தியானத்தில் தரை வேகமாகச் சூடாகும், கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. தரைக்கு மேல் உள்ள காற்று சூடேறி மேலே போகும், அந்த இடத்துக்குக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று ஓடி வரும். இதுதான் கடற்காற்று. ராத்திரி தரை சீக்கிரம் ஆறிவிடும், அப்போது எல்லாம் தலைகீழாகி, தரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும். பாய் மட்டுமே இருந்த காலத்தில் மீனவர்கள் விடியலுக்கு முன்னால் கரைக்காற்றைப் பிடித்துப் போய், பகலில் கடற்காற்றைப் பிடித்துத் திரும்பினார்கள். இந்த இரண்டு காற்றும் கைமாறுகிற இடைவேளையில் காற்றே இருக்காது. அந்த இடைவேளை அந்தியை ஒட்டித்தான் வரும்.

புரிகிறதா? அந்தியைப் பார்க்கத்தான் டிக்கெட் எடுக்கிறோம், அந்த நேரத்தில்தான் பாய் தொங்கிப்போகும். எஞ்சின் வைத்தவர்கள் ஸ்டார்ட் பண்ணிக்கொள்வார்கள். 1871ல் கட்டிய இரண்டு மரக்கப்பல்கள், ஸ்டீபன் டேபர், லூயிஸ் ஆர். பிரெஞ்ச், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இன்னும் பாய் விரித்துப் பயணிகளோடு ஓடுகின்றன. இரண்டாவதில் எஞ்சினே கிடையாது. காற்று நின்றுவிட்டால் பின்னால் ஒரு சின்னப் படகு கட்டித் தள்ளும். மாட்டு வண்டி பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் நாலு பேர் பின்னால் நின்று தள்ளுவோமே, அதே வேலை.

(காட்சி: வள்ளம் புறப்படுகிறது.)

அதனால் நாங்கள் நாலு மணிக்கே கிளம்பிவிட்டோம். காற்று கிழக்கிலிருந்து வருகிறது, நாங்களும் கிழக்கே போக வேண்டும். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்க்கப்பலும் போகாது, சுமாராக 45 முதல் 60 டிகிரி விலகித்தான் போக முடியும். கொஞ்ச நேரம் வடகிழக்கே, அப்புறம் திருப்பித் தென்கிழக்கே, இப்படி வளைந்து வளைந்து உள்ளே போனோம். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாறும். அந்த நேரத்தில் எழுந்து நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம். பாயைத் தாங்குகிற கட்டைக்குப் பருமல் என்று பெயர், அதற்கு உங்கள் தலையைப் பற்றிக் கவலை கிடையாது.

வள்ளம் ஒரு பக்கமாகச் சாயும். என் நண்பன் பயந்து எதிர்ப்பக்கம் தாவினான், தாத்தாவிடம் நல்ல திட்டு வாங்கினான். பாயில் காற்று நிறைந்தால் சாய்வது இயல்பு, சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்ததைப் பார்த்து அதற்கும் பயந்தோம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே எண்ணெய் ஊறிய பஞ்சை அடித்துச் செருகுவார்கள், அதற்குக் கலப்பத்து என்று பெயர், அந்தக் காலத்தில் ஓடாவிகள், அதாவது கப்பல் கட்டுகிற தச்சர்கள், செய்கிற வேலை. மரம் நனைந்து உப்பினால் இடைவெளி இன்னும் இறுகும். அப்படியும் கொஞ்சம் கசியும், இறைத்துவிடுவார்கள். மரக்கப்பலை ரொம்ப நாள் கரையில் காயப்போட்டால்தான் அது கெட்டுப்போகும்.

உள்ளே போனதும் தாத்தா வள்ளத்தைத் தெற்கே திருப்பினார், கரைக்கு இணையாக. இனிமேல் நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், எங்கே உட்காருவது என்பது இதில்தான் இருக்கிறது.

(காட்சி: மேலிருந்து பார்க்கும் படம். வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் காற்று.)

தெற்கே போகும்போது காற்று இடது கன்னத்தில் அடிக்கிறது, வெயில் வலது கன்னத்தில் விழுகிறது. காற்று தள்ளுவதால் பாய் வலப்பக்கமாகப் புடைத்து நிற்கும். அதாவது உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில். காசு கொடுத்து ஏறிவிட்டு துணியைப் பார்த்துக்கொண்டு வருவீர்கள்! கொல்லத்திலோ கொச்சியிலோ இந்தத் தொல்லை இல்லை, அங்கே காற்றும் சூரியனும் ஒரே பக்கம், பாய் கரைப்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். நம்ம பக்கம் பாய் மறைக்காமல் பார்க்க வேண்டுமென்றால் அமரத்தில், அதாவது பின்பக்கம், இடம் பிடியுங்கள். முன்பக்கம், அணியத்தில், தண்ணீர் தெறிக்கும், போன் நனையும்.

ஆனால் நான் வேண்டுமென்றே பாய்க்குப் பின்னாலேயே உட்கார்ந்தேன். சூரியன் பாய்க்கு நேர் பின்னால் வந்தபோது அந்தப் பழைய துணியின் ஒவ்வொரு தையலும், ஒட்டுப்போட்ட இடம் எல்லாமும் தெரிந்தன. குத்துவிளக்கைத் துணியால் மூடிய மாதிரி இருந்தது. கொல்லத்துக்காரர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எப்போது போகலாம்? மார்கழி வாடை ஓய்ந்து தை, மாசி, பங்குனி. ஆனி, ஆடி வேண்டவே வேண்டாம். குற்றாலத்தில் சாரல் கொண்டுவருகிற அதே மேல்காற்று மலையைத் தாண்டி, ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டு, வறட்டுக் காற்றாக நம்ம கடலுக்கு இறங்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பாய் போட்ட வள்ளம் எந்த மூலைக்கு? அது உங்களைக் கரையை விட்டு இலங்கைப் பக்கமாகத் தள்ளும். நேரமும் பார்த்துக்கொள்ளுங்கள்: கார்த்திகையில் ஆறு மணிக்கே சூரியன் போய்விடும், ஆனியில் ஆறரை தாண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் ஏறக்குறைய நேராக இறங்கும், விளிம்பு கரையைத் தொட்டதிலிருந்து முழுதாக மறைய 2 நிமிடம்தான். கேமராவை அப்போது தேடாதீர்கள். தின்பதற்கு மக்ரூன் எடுத்துப் போகாதீர்கள், கடல் ஈரத்தில் நமுத்துப்போய் விரலில் ஒட்டும், எங்களுக்கு ஆனது அதுதான்.

(காட்சி: புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன். பாய் தளர்கிறது.)

திரும்பி வரும்போது காற்று முதுகுக்குப் பின்னால். நாமும் காற்றோடு சேர்ந்தே போவதால் காற்றே இல்லாத மாதிரி இருக்கும், வேர்க்கும். சூரியன் புகைபோக்கிக்குப் பின்னால் போனபோது பாய் இரண்டு தடவை படபடத்தது, அப்புறம் அப்படியே தொங்கிவிட்டது. தாத்தா வாயைத் திறக்கவில்லை, என்னை ஒரு பார்வை பார்த்தார். பாயை இறக்கிச் சுருட்டினோம். நண்பன் துடுப்பை எடுத்தான். கொஞ்ச நேரத்தில் கரைப்பக்கத்திலிருந்து லேசாக ஒரு காற்று வந்தது, அதில் கருவாட்டு வாசம் இருந்தது.