பாலியில் ஒருவர் தனியாக வாசிக்க முடியாது

அவையோர்க்கு வணக்கம். பாலித் தீவுக்குச் சுற்றுலா போகும்போதே அங்குள்ள இசையையோ நடனத்தையோ கொஞ்சம் கற்று வரலாமா என்று இளைஞர்கள் பலர் கேட்கிறார்கள். தாராளமாகக் கற்கலாம், ஆனால் அந்தக் கலை தனி ஆளுக்கென்று அமைந்ததன்று என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

பாலியின் வெண்கல இசைக்குழுவான கமெலானில் இன்று பெருவழக்காக உள்ளது கொங் கெப்யார் என்னும் வகை. தொன்மையானது என்று விளம்பரங்கள் சொன்னாலும், அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடபாலியில் பிறந்ததுதான். இதில் வெண்கலப் பட்டைகளைச் சுத்தியால் தட்டி வாசிக்கும் கங்சா என்னும் கருவியின் முன் அமர்பவர், விரைவான இசைக்கோலம் எதையும் தாம் முழுதாக வாசிக்கப் போவதில்லை என்பதை விரைவிலேயே உணர்வார். போலோஸ் என்ற பகுதியை ஒருவரும், அதன் இடைவெளிகளை நிரப்பும் சங்சி என்ற பகுதியை இன்னொருவரும் வாசிக்க, கேட்பவர் செவியில்தான் அவை ஒரே மெட்டாகக் கூடுகின்றன. இந்தப் பின்னலைக் கொதேகான் என்பார்கள். கருவிகளும் இணைகளாகவே வார்க்கப்படுகின்றன. இணையில் ஒன்றின் சுருதி மற்றதைவிடச் சற்றே உயர்ந்திருக்கும்படி வேண்டுமென்றே அமைப்பதால், இரண்டும் சேரும்போது ஒலி அலையலையாக அதிர்கிறது. தம்புராச் சுருதியில் ஊறிய நம் காதுக்கு முதலில் அது பிசகாகத்தான் படும்.

மரபுவழிப் பயிற்சியில் குறிப்பேடு கிடையாது. ஆசிரியர் கருவிக்கு எதிர்ப்புறம் அமர்ந்து, இடவலம் மாற்றி வாசித்துக் காட்ட, மாணவர் அவர் கையைப் பார்த்தே பின்தொடர வேண்டும். வலக்கைச் சுத்தி அடுத்த வெண்கலப் பட்டையைத் தட்டும் அதே கணத்தில், இடக்கை விரல்கள் முந்தைய பட்டையைப் பற்றி அதன் ஒலியை அடக்க வேண்டும். சற்றுப் பிந்தினாலும் ஒலிகள் ஒன்றோடொன்று கலங்கிப்போகும்.

நடனத்தில் ஆசிரியர் பின்னால் நின்று, மாணவரின் மணிக்கட்டைப் பிடித்து, தோளை உயர்த்தி, ஆகெம் என்னும் அடிப்படை நிலையை உடம்பிலேயே படிய வைக்கிறார். ஆடுபவர் காட்டும் குறிப்பைக் கண்டு மத்தளக்காரர் குழுவை எச்சரிக்க, மொத்த இசையும் சட்டென்று வெட்டி நிற்கும் அங்செல் என்ற இடம் இந்த ஆட்டத்தின் உயிர். பதிவு செய்த இசையோடு பழகுபவருக்கு இது வாய்க்காது. உணவு விடுதிகளில் நடக்கும் ஒரு மணிநேர வகுப்புகளைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை.

1930களில் பாலியில் வீடு கட்டி வாழ்ந்த கனடா இசையமைப்பாளர் காலின் மெக்பீ, அந்த இசையைப் பின்னர் மேலைக் கருவிக்கு மாற்றியபோது, இரண்டு பியானோக்களுக்கென்றே எழுதினார்.

ஓராண்டளவு தங்க முடிந்தவர்கள், இந்தோனேசிய அரசின் தர்மசிஸ்வா உதவித்தொகைக்கு விண்ணப்பித்து தென்பசாரிலுள்ள கலைக் கல்லூரியில் சேரலாம். சில வாரமே உள்ளவர்கள் உபுத், பெலியாத்தான் பக்கம் ஊர்க்குழு ஒன்றை அணுகி, ஒரே ஓர் உருப்படியைப் பயின்றால் போதும். கருவியைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். கோயிலுக்கு மட்டும் உரிய ஆட்டங்களைக் கற்றுத்தரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். முடிந்தால் நண்பர் ஒருவரோடு போங்கள். ஒருவர் போலோஸும் மற்றவர் சங்சியும் பயின்றுவிட்டால், ஊர் திரும்பிய பின்னும் வாசிக்க வழியிருக்கும்.