வாசலில் விழுந்த கடிதம்

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலாந்தில் வீடு வாங்கிய அன்று சட்டத்தரணியின் மேசையில் எத்தனையோ தாள்களில் கையெழுத்து வைத்திருப்பீர்கள். அவற்றில் ஒன்று, வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றும் டிஆர்1 என்ற படிவம். இருவர் சேர்ந்து வாங்கினால், எந்த முறையில் சேர்ந்து வைத்திருக்கப் போகிறீர்கள் என்று அதில் ஒரு கட்டம் கேட்கும். கணவன் மனைவி என்றால் பெரும்பாலும் 'ஜாயின்ட் டெனன்ட்ஸ்' என்ற இடத்தில் புள்ளடி விழுந்துவிடும். அந்தப் புள்ளடியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

டெனன்ட் என்றதும் வாடகைக்கு இருப்பவர் என்று நினைக்க வேண்டாம்; இங்கே அது உரிமையாளர்தான். இந்த முறையில் வீடு முழுவதும் இருவருக்கும் சொந்தம். உன் பங்கு, என் பங்கு என்ற பேச்சே இல்லை. ஒருவர் கண்ணை மூடினால் முழு வீடும் மற்றவருக்கு. 'என் பாதி என் மகளுக்கு' என்று மரணசாசனம் எழுதினாலும் செல்லாது. கொடுக்கப் பாதி என்று ஒன்று இருந்தால்தானே! 'டெனன்ட்ஸ் இன் காமன்' என்பது மற்ற முறை. அதில் பங்கு உண்டு, விரும்பியவருக்கு எழுதலாம்.

யாழ்ப்பாணத்து ஆட்கள் சறுக்குவது இங்கேதான். தேசவழமை என்ற எங்கள் ஊர் வழக்குச் சட்டப்படி, மணவாழ்வில் தேடிய தேட்டத்தில் பாதி உயிரோடு இருப்பவருக்கு, மற்றப் பாதி இறந்தவரின் வாரிசுகளுக்கு. அதே நினைப்பில் லண்டன் வீட்டையும் பார்க்கிறோம்.

சேர்ந்த உரிமையைப் பங்காகப் பிரிக்க விரும்பினால் பெரிய வேலையில்லை. 1925-ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி மற்றவருக்கு எழுத்தில் ஓர் அறிவித்தல் போதும். அவர் சம்மதிக்கத் தேவையில்லை. இருவராக இருந்தால் அன்றிலிருந்து ஆளுக்குப் பாதி. வேறு ஏற்பாடு எழுதி வைக்காவிட்டால், முக்கால்வாசிப் பணம் போட்டவருக்கும் பாதிதான். இது பலருக்குக் கசக்கும். காணிப் பதிவேட்டில் மட்டும் இருவர் பெயரும் அப்படியே சேர்ந்தே இருக்கும், அதைப் பிரிக்கச் சட்டம் விடாது.

1995-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தம்பதிக்குள் விவாகரத்து நடந்துகொண்டிருக்கிறது. மனைவிக்குத் தீராத நோய். தான் முதலில் போனால் வீடு முழுவதும் கணவருக்குப் போய்விடுமே என்று, பிரிக்கும் அறிவித்தலைத் தன் சட்டத்தரணி மூலம் சாதாரணத் தபாலில் அனுப்புகிறார். கடிதம் வீட்டு வாசலில் வந்து விழுகிறது. கணவர் அதைப் பார்க்கவில்லை; அதற்குள் அவருக்கு மாரடைப்பு. இனி அவர்தான் முதலில் போவார், பிரிக்காவிட்டால் முழு வீடும் தனக்கே என்று கண்ட மனைவி கடிதத்தை எடுத்து அழித்துவிடுகிறார். சில நாட்களில் கணவர் இறந்தார். சில மாதங்களில் மனைவியும் போனார். பிறகு இரு தரப்பு மரணசாசனப் பொறுப்பாளர்களும் நீதிமன்றத்தில் நின்றார்கள்.

தீர்ப்பு: வீடு பிரிந்துவிட்டது. அதே சட்டத்தின் 196-ஆம் பிரிவுப்படி, கடைசியாகத் தெரிந்த முகவரியில் அறிவித்தல் போய்ச் சேர்ந்தால் போதும். படித்தாரா என்ற கேள்வியே எழாது. வந்து சேருமுன் 'மனம் மாறிவிட்டேன்' என்று கணவரிடம் சொல்லியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம் என்றும் நீதிபதி தொட்டுப் பேசினார். எனக்கு இந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. யார் முதலில் சாகிறார் என்று பார்த்துக் கடிதத்தைக் கிழிக்கலாம் என்றால், அது என்ன அறிவித்தல்?

ஆகவே அறிவித்தலின் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள், அனுப்பியதற்கு அத்தாட்சியும் வைத்திருங்கள். பிறகு, உரிமை பிரிந்ததைப் பதிவதற்கான எஸ்ஈவி என்ற படிவத்தைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. மரணசாசனத்தை அதே வாரத்தில் திருத்தி எழுதிவிடுங்கள்.