பூட்டிய கதவுக்கு வெளியே

அவைக்கு வணக்கம். அழைப்பிதழில் "இசையும் நகரமும்" என்று போட்டிருக்கிறார்கள். நான் கொடுத்த தலைப்பு அது இல்லை. பரவாயில்லை, சொல்ல வந்தது அதற்குள்ளும் அடங்கும். கச்சேரி கேட்க ஒரு வார இறுதியில் ஒஹாயோவில் இருக்கும் கிளீவ்லாந்து போனேன். கேட்டேன், நன்றாகவே இருந்தது. ஆனால் திரும்பி வந்த பிறகு மனதில் உட்கார்ந்துகொண்டது கச்சேரி அல்ல. எது என்பதைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனை இங்கே இருப்பவர்களுக்குப் புதிதல்ல. திருவையாற்றில் அது தியாகராஜர் மறைந்த திதியில், தை மாதத்துப் பகுள பஞ்சமியில் நடக்கும். கிளீவ்லாந்தில் அந்தச் சமயத்தில் ஏரிக் காற்றும் பனியும் ஆளைத் தள்ளும், ஆராதனை ஈஸ்டரை ஒட்டி நடக்கிறது. 1978இல் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஒரு நாள் நிகழ்ச்சியாகத் தொடங்கியது. இப்போது பல்கலைக்கழக அரங்கில் நாள்கணக்கில் நடக்கிறது, இந்தியாவிலிருந்து பெரிய வித்வான்கள் வருகிறார்கள்.

நாங்கள் பிட்ஸ்பர்க்கிலிருந்து காரில் கிளம்பினோம். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நான், மனைவி, மனைவியின் மாமா. மாமாவுக்கு 78 வயது. தஞ்சாவூர்க்காரர். சின்ன வயதில் சைக்கிளில் திருவையாறு போய் ஆராதனை பார்த்தவர். அமெரிக்காவுக்கு வருவது அதுதான் முதல் முறை.

ஊருக்குள் நுழைந்ததும் கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, சனிக்கிழமைன்னா இந்த ஊர்ல யாரும் வெளிய வர மாட்டாங்களா?"

"ஆள் குறைஞ்சு போச்சு மாமா" என்றேன்.

"எவ்வளவு?"

எனக்கு அப்போது தெரியவில்லை. ஹோட்டலுக்குப் போய்ப் பார்த்துச் சொன்னேன். 1950 கணக்கெடுப்பில் 9 லட்சத்து 14 ஆயிரம். 2020இல் 3 லட்சத்து 72 ஆயிரம். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பத்துல ஆறு பேர் எழுந்து போயிட்டான்" என்றார்.

நாங்கள் பாட்டுக் கேட்ட வளாகம் யூக்ளிட் அவென்யூவில் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தச் சாலைக்கே கோடீஸ்வரர் வரிசை என்று பெயர். ராக்ஃபெல்லர் ஸ்டாண்டர்ட் ஆயிலை 1870இல் தொடங்கியது இந்த ஊரில்தான், அவர் வீடு இருந்ததும் இந்தச் சாலையில்தான். இன்று அந்த வீடு இல்லை. அந்த வரிசையில் தப்பிப் பிழைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. இரும்புத் தாதுவில் பணம் பண்ணிய சாமுவேல் மேதர் 1910இல் கட்டி முடித்த மாளிகை ஒன்று வளாகத்தை ஒட்டி நிற்கிறது. இடைவேளையில் காபிக் கோப்பையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பட்டுப்புடவையும் ஜிப்பாவுமாக ஐம்பது அறுபது பேர் அதைக் கடந்து போனார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. போன ஆண்டுகளில் நானும் அப்படித்தான் போனேன்.

கிளீவ்லாந்து என்றதும் எல்லாரும் சொல்வது ஆறு தீப்பிடித்த கதை. கயஹோகா ஆற்றில் மிதந்த எண்ணெயும் குப்பையும் 1969 ஜூனில் பற்றிக்கொண்டன. தீ அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. அந்த ஆறு அதற்கு முன்பும் பலமுறை எரிந்திருக்கிறது, 1952இல் எரிந்தது இதைவிடப் பெரிது. ஆனால் நாடு முழுக்கச் சிரித்தது 1969க்குத்தான். எனக்கு அதைவிட உறுத்துகிற வருஷம் 1978. அந்த டிசம்பர் 15ஆம் தேதி, வங்கிகளுக்குத் தர வேண்டிய ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலரைத் தர முடியாமல் நகராட்சி கைவிரித்தது. 1930களின் பெருமந்தத்துக்குப் பிறகு அப்படிக் கைவிரித்த முதல் பெரிய அமெரிக்க நகரம் அதுதான்.

அதே 1978இல்தான் ஏதோ ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நம்மவர்கள் சிலர் பாயை விரித்துச் சுருதிப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். ஊர் திவாலான வருஷத்தில் ஒரு விழா பிறந்திருக்கிறது. இதைச் சொல்லி நான் புல்லரிக்கலாம், நீங்கள் கைதட்டலாம். வேண்டாம். அதற்குள் வேறு ஒன்று இருக்கிறது, வருகிறேன்.

சனிக்கிழமை காலை பஞ்சரத்தினம், தியாகராஜரின் ஐந்து கிருதிகளை எல்லாரும் சேர்ந்து பாடுவது. மேடையில் இடமில்லாத அளவுக்கு ஆட்கள், சின்னப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு. இரண்டாவது கிருதி கௌளை ராகத்தில் "துடுகுகல". மற்ற நான்கிலும் துதியும் செல்லச் சண்டையும் பரவசமும் உண்டு. இதில் மட்டும் தியாகராஜர் தன் குற்றங்களைப் பட்டியல் போடுகிறார். அதில் ஒரு வரி: பிறர் பொருளுக்காக, கேட்பவர் மனம் உருகும்படி பேசி, வயிறு நிரப்பித் திரிந்தேன். மேடையில் பேசுகிறவன் கேட்கக் கூடாத வரி. இன்றைக்கு எனக்கு நீங்கள் சாப்பாடும் போடப் போகிறீர்கள்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்து பாடினார். முடிந்ததும், "சாப்பாட்டு வரிசை பெரிசா இருக்கு, ஊரைக் கொஞ்சம் சுத்திக் காட்டுங்க" என்றார். நான் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவதாக இருந்தேன். "தண்ணி எங்க ஊர்லயும் இருக்கு. ஜனங்க இருந்த எடம் காட்டுங்க."

கிழக்கே போனோம். பத்துப் பதினைந்து நிமிஷம். ஒரு வீடு, பக்கத்தில் மூன்று மனை அளவுக்குப் புல், அப்புறம் பலகை அடித்த ஒரு வீடு, மறுபடியும் புல். ஓர் இடத்தில் நடைபாதையிலிருந்து மேலே ஏற மூன்று சிமெண்டுப் படிகள் இருந்தன, பக்கத்தில் பிடித்து ஏற இரும்புக் கம்பி. ஏறினால் வீடு இல்லை. மாமா இறங்கிப் போய் அந்தக் கம்பியைப் பிடித்துப் பார்த்தார். பிடிப்பு இன்னும் உறுதியாக இருந்தது.

இதற்கெல்லாம் ஆலைகள் மூடியதுதான் காரணம் என்போம். அது பாதிதான். நெடுஞ்சாலை போட்டார்கள், புறநகரில் வீட்டுக் கடன் கொடுத்தார்கள், வெள்ளையர்கள் போனார்கள். கறுப்பின மக்கள் அவர்கள் பின்னால் போகாதபடி சில ஊர்கள் கதவை அடைத்தன. பக்கத்திலிருக்கும் பார்மா என்ற ஊர் அதைத் திட்டமிட்டே செய்தது என்று 1980இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2007, 2008இல் வீட்டுக் கடன் நெருக்கடி வந்தபோது தெருத் தெருவாக ஜப்தி. ஜப்தியான வீட்டைக் கவனிக்க ஆளில்லை. செப்புக் குழாயைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் இடித்துப் புல் போட்டார்கள்.

நம்முடைய சிவா விஷ்ணு கோயில் எங்கே இருக்கிறது தெரியுமா? அதே பார்மாவில். கட்டியவர்கள் மேல் குற்றமில்லை, இடம் கிடைத்த இடத்தில் கட்டினார்கள். ஆனால் நாம் எந்த வரிசையில் போய் நின்றோம் என்று தெரிந்துகொண்டு கும்பிடலாமே என்கிறேன். நகரம் காலியானது நமக்கு நடந்த விஷயம் இல்லை என்று நினைக்கிறோம். காரில் வருகிறோம், வளாகத்துக்குள் நிறுத்துகிறோம், பாடுகிறோம், போகிறோம்.

அந்தத் தெருக்களுக்கு நடுவில்தான் புனித காசிமிர் தேவாலயம் இருக்கிறது. போலந்துக்காரர்கள் கட்டியது. 2009, 2010இல் கிளீவ்லாந்து கத்தோலிக்க மறைமாவட்டம் ஏறத்தாழ ஐம்பது பங்குகளை, அதாவது வட்டாரத் தேவாலயங்களை, மூடியபோது இதையும் மூடினார்கள். ஆள் இல்லை, பணம் இல்லை, குருமார்கள் போதவில்லை. எல்லாம் உண்மைதான். மூடிய அடுத்த ஞாயிறு, பங்கு மக்கள் பூட்டிய கதவுக்கு வெளியே, வேலியோரம் தெருவில் நின்று ஜெபம் பண்ணினார்கள். அதற்கடுத்த ஞாயிறும். பனியிலும் வந்தார்கள். 2009 நவம்பரிலிருந்து 2012 ஜூலை வரை, ஏறத்தாழ 140 ஞாயிற்றுக்கிழமைகள். ரோமுக்கு மேல்முறையீடு போட்டிருந்தார்கள். ரோம், மூடியது முறையல்ல என்று சொன்னது. பத்துக்கும் மேற்பட்ட பங்குகள் மறுபடி திறந்தன, இதுவும் திறந்தது.

காரில் உட்கார்ந்து இதை மாமாவிடம் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. "ஜெயிப்போம்னு தெரிஞ்சா நின்னாங்க?"

அப்புறம் அவரே நாகரத்தினம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தியாகராஜர் 1847இல் மறைந்தார். அறுபது எழுபது வருஷத்தில் அந்தச் சமாதி புதர் மண்டிக் கிடந்தது. பெங்களூர் நாகரத்தினம்மா, தேவதாசி மரபில் வந்தவர், 1920களில் தன் சொத்தைப் போட்டு அங்கே கோயில் எழுப்பினார். ஆராதனை நடத்திய ஆண்கள் கட்சி கட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், ஆனால் பெண்கள் பாடக் கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமை. தான் கட்டிய கோயிலில் தான் பாட முடியாது! அவர் போய்விடவில்லை. பெண்களைச் சேர்த்துத் தனியாக ஆராதனை நடத்தினார். அவர் சமாதியும் இன்று அங்கேதான், தியாகராஜரைப் பார்த்தபடி. "அந்தம்மா இல்லைன்னா நாம இன்னிக்கு எதைப் பார்த்துப் பாடியிருப்போம்?" என்றார் மாமா.

நம்பிக்கை என்றால் மனதுக்குள் ஒரு கருத்தை வைத்திருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடவுள் உண்டா இல்லையா என்ற பட்டிமன்றம். வேலிக்கு வெளியே நின்றவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், 'குளிருது, சீக்கிரம் சொல்லு' என்றிருப்பார்கள். அவர்கள் செய்தது ஒன்றுதான்: அதே நாள், அதே நேரம், அதே இடத்துக்கு வந்தார்கள்.

அன்று ஈஸ்டருக்கு முந்தின நாள். உள்ளே போனோம். போலந்து வழக்கப்படி ஆளுக்கொரு கூடை கொண்டுவந்து வரிசையாக வைத்திருந்தார்கள். வெள்ளைத் துணி போர்த்திய கூடை. உள்ளே ரொட்டி, தொத்திறைச்சி, உப்பு, வர்ணம் தீட்டிய முட்டை, வெண்ணெயில் செய்த ஒரு குட்டி ஆடு. குருவானவர் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தார். மாமா என் காதருகே, "அர்ச்சனைத் தட்டுதான்" என்றார். தெளித்த தண்ணீர் அவர் மேலும் விழுந்தது. நெற்றியில் விபூதியோடு நின்ற மனுஷர், துடைக்கவில்லை.

வெளியே வரும்போது ஒரு பாட்டி, மாமா வயதுதான் இருக்கும், கூடையிலிருந்து சிவப்பு முட்டை ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார். மாமா ஜென்மத்தில் முட்டை தொட்டதில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கைக்குட்டையில் சுற்றி, மறுநாள் பிட்ஸ்பர்க் வரும் வரை மடியிலேயே வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் பூஜை அலமாரியில் வைக்கப் போனார். என் மனைவி, "மாமா, அங்க வேண்டாம்" என்றாள். "பின்ன எங்கம்மா வைக்கிறது?" என்றார்.

ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறோம். மாமா ஊருக்குப் போய் மூன்று வாரமாகிறது. போன வாரம் போனில் முதலில் விசாரித்தது முட்டையைத்தான்.