இதயத்துக்குள் மரபணுவை இறக்குவது எப்படி?

வணக்கம் நேயர்களே. திருகோணமலையில் கடற்றொழில் செய்கிறவர்களுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். மீன் கூட்டம் எங்கே நிற்கிறது என்று காட்டும் படகுக் கருவி, ஒலியை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கிறது. கிளினிக்கில் நெஞ்சில் ஜெல் பூசி நாங்கள் எடுக்கும் எக்கோ என்ற இதயப் படமும் அதே வேலையைத்தான் செய்கிறது. 1953இல் சுவீடனில் ஹெர்ட்ஸ் என்ற பௌதிகவியலாளர் இதை முதலில் சோதித்துப் பார்த்தது, மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோக வெடிப்புத் தேடும் கருவியால். துறைமுக ஊர்க்காரருக்குச் சொல்லவேண்டிய கதை இது.

சரி, காதுக்குக் கேட்காத அதே கழியொலியால் (அல்ட்ராசவுண்ட்) மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் முடியுமா?

மாரடைப்பில் இறந்த இதயத்தசை திரும்ப வளர்வதில்லை. புதிய இரத்தக்குழாய்களை வளர்க்கும் மரபணுவையோ, தளர்ந்த தசைக்கு வலுக்கொடுக்கும் மரபணுவையோ உள்ளே அனுப்பலாம் என்பது பழைய யோசனை. மரபணுவைத் தயாரிப்பது பெரிய காரியமில்லை. கொண்டுபோய் இறக்குவதுதான் பெரும்பாடு. வெறும் டிஎன்ஏயை இரத்தத்தில் விட்டால் நொதியங்கள் சிதைத்துவிடும். வைரஸில் ஏற்றி அனுப்பினால் பெரும்பகுதி ஈரலில் போய் ஒதுங்கும். 250 இதய நோயாளிகளிடம் நடந்த 'கியூபிட் 2' ஆய்வில் வைரஸை இதயக் குழாய்க்குள்ளேயே விட்டார்கள், அப்படியும் பலனில்லை. மரபணுவில் பிழையில்லை, போதிய அளவு தசைக்குப் போய்ச் சேரவில்லை என்றே எனக்குப் படுகிறது.

இங்கேதான் நுண்குமிழிகள் வருகின்றன. செங்குருதிக் கலத்தைவிடச் சிறியவை, அதனால் மயிர்த்துளைக் குழாயிலும் அடைபடாமல் ஓடும். வெளியே கொழுப்புக் கோது, உள்ளே இலகுவில் கரையாத வாயு. எக்கோ படம் தெளிவாக வர இவற்றை வெளிநாடுகளில் பல காலமாகவே ஏற்றுகிறார்கள். கோதுக்கு நேரேற்றம் கொடுத்தால் மறையேற்றமுள்ள டிஎன்ஏ தானாக ஒட்டிக்கொள்ளும். கை நாளத்தில் ஏற்றினால் குமிழிகள் உடலெங்கும் போகும். ஆனால் கருவியை இதயத்தின் மேல் வைத்து அழுத்தமான ஒலித் துடிப்புகளை அனுப்பும்போது அங்கே வருகிற குமிழிகள்தான் விரிந்து சுருங்கி வெடிக்கும். அந்த அதிர்ச்சியில் கலச்சுவரில் சிறு துளைகள் கொஞ்ச நேரத்துக்குத் திறக்க, மரபணு உள்ளே நுழையும். வெடித்த இடத்துக்குப் புதுக் குமிழிகள் வந்து சேர அவகாசம் வேண்டும். அதனால் ஈசிஜியைப் பார்த்து, சில இதயத் துடிப்புகளுக்கு ஒருமுறைதான் ஒலியை விடுவார்கள். 2000இல் அமெரிக்காவின் டலஸில் எலி இதயத்தில் இது பலித்தது.

ஆனால் உள்ளே போகும் அளவு குறைவு, மரபணுவின் வேலையும் நாளடைவில் மங்கிவிடும். ஒலியைக் கூட்டினால் நுண்குழாய்கள் கசியும், இதயம் தாளம் தப்பும். அப்புறம், எக்கோ எடுப்பவனாக எனக்கு இருக்கும் சந்தேகம் வேறு. சுவாசப்பையின் காற்று ஒலியை மறிக்கிறது. சிலரிடம் படமே கலங்கலாகத்தான் வரும். அவர்களிடம் எப்படிக் குறிவைப்பது?

இதற்கிடையில் பிரேசிலின் சாவோ பாலோவில் மாரடைப்போடு வந்த 100 பேரை இரு குழுவாகப் பிரித்து, குழாய் அடைப்பை உடைக்க முடியுமா என்று பார்க்க ஒரு குழுவுக்கு மரபணு எதுவும் சேர்க்காத குமிழிகளையும் கழியொலியையும் கொடுத்தார்கள். 2019இல் வந்த முடிவின்படி, அடைப்பை நீக்கும் சிகிச்சைக்கு முன்பே குழாய் திறந்திருந்தது இவர்களில் 48 சதவீதத்தினருக்கு, மற்றக் குழுவில் 20 சதவீதத்தினருக்கு. மரபணுவுக்கு முன்னால் இதுதான் எங்கள் வாட்டுகளுக்கு வந்து சேரும் என்று நினைக்கிறேன். நன்றி, வணக்கம்.