நிருபரின் சம்பளத்துக்கும் பத்திரிகைச் சுதந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மட்டும் என்னை விடவில்லை. ராத்திரி படுத்த பிறகும் அதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார், அப்படியே படிக்கிறேன்.

"ஐயா, போன தடவை பத்திரிகைச் சுதந்திரம் என்று தலைப்பு வைத்துவிட்டு முக்கால்வாசி நேரம் சம்பளம், பணிக்கொடை, ஊதியக் குழு என்றே பேசினீர்கள். அதெல்லாம் தொழிற்சங்க விவகாரம். சுதந்திரம் என்றால் அரசாங்கம் கை வைக்காமல் இருப்பது. இரண்டையும் ஏன் சேர்த்துக் குழப்புகிறீர்கள்? இன்னொன்று, என் தம்பி ஒரு நாளிதழில் தாலுகா நிருபராகச் சேரப் போகிறான். சேரலாமா?"

இரண்டு கேள்வி. எனக்கு உண்மையில் பிடித்தது இரண்டாவது கேள்விதான். ஆனால் முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அங்கே போக முடியாது.

அரசாங்கம் கை வைப்பது பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். 1987-ல் ஒரு அட்டைப்படக் கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. 2003 நவம்பரில் தி இந்து ஆசிரியர் குழுவினருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் அதே சட்டமன்றம் பதினைந்து நாள் தண்டனை விதித்தது, சில நாட்களில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2018-ல் நக்கீரன் கோபால் கைதானார், அவரைச் சிறைக்கு அனுப்ப நீதித்துறை நடுவர் மறுத்தார். இந்த மூன்று சமயத்திலும் ஊரே பேசியது. பேச வேண்டியதுதான், நானும் பேசினேன்.

சரி, இந்த மூன்றிலும் மாட்டியவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஆசிரியர்கள், பெயர் தெரிந்தவர்கள், பின்னால் ஒரு நிறுவனம் நிற்கக் கூடியவர்கள். ஒரு தாலுகா நிருபர் கல்குவாரி பற்றி ஒரு செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை யாரும் கைது செய்வதில்லை. மறுநாள் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு போன் வரும். "இனிமேல் நீங்கள் செய்தி அனுப்ப வேண்டாம், வேறு ஆள் போட்டுவிட்டோம்." அவ்வளவுதான். வழக்கு இல்லை, வாய்தா இல்லை, கண்டனக் கூட்டம் இல்லை. அந்தச் செய்தியும் வராது, அதற்கு அடுத்து வரவேண்டிய பத்துச் செய்தியும் வராது. இதை நான் எத்தனையோ தடவை இங்கே சொல்லியிருக்கிறேன், திரும்பவும் சொல்கிறேன்: பத்திரிகைக்குச் சுதந்திரம் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காதீர்கள், நிருபருக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். பேச்சு, கருத்துச் சுதந்திரம் தரும் அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு அரசாங்கத்திடமிருந்துதான் நம்மைக் காக்கிறது. அந்தப் போனிலிருந்து நிருபரைக் காப்பது வேலைச் சட்டம் மட்டும்தான்.

எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பு வருடா வருடம் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு ஒரு பட்டியல் போடுகிறதே, 2025 பட்டியலில் 180 நாடுகளில் இந்தியா 151-வது இடம் என்று எல்லோரும் பகிர்ந்தார்கள். அந்தப் பட்டியலுக்கு எடுத்துக்கொள்ளும் ஐந்து அளவுகோல்களில் பொருளாதாரச் சூழலும் ஒன்று. ஆக, பணத்தையும் சுதந்திரத்தையும் சேர்த்துப் பார்ப்பது என் சொந்தச் சரக்கு இல்லை.

நம் நாட்டுச் சட்டமே அப்படித்தான் பார்த்தது. 1952-ல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் முதல் பத்திரிகை ஆணையம் அமைந்தது, 1954-ல் அறிக்கை கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1955-ல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தது. அதில் யார் யாரைச் சேர்த்தார்கள் தெரியுமா? ஆசிரியர், நிருபர் மட்டும் இல்லை. உதவி ஆசிரியர், கேலிச்சித்திரக்காரர், புகைப்படக்காரர், பிழை திருத்துபவர் வரைக்கும் சேர்த்தார்கள். பிழை திருத்துபவரைச் சேர்த்ததில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு, நான் அந்த மேஜையிலிருந்து வந்தவன். ஆசிரியரை நீக்க வேண்டுமானால் ஆறு மாத முன்னறிவிப்பு, மற்ற பத்திரிகையாளருக்கு மூன்று மாதம். ஒரு செய்திக்காக ராத்திரியோடு ராத்திரியாக ஒருவரை வெளியே அனுப்பிவிட முடியாதபடி செய்ததே ஒரு பெரிய பாதுகாப்பு.

உடனே முதலாளிகள் என்ன செய்தார்கள்? உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். போய் என்ன வாதம் வைத்தார்கள் என்பதை இந்தத் தம்பி அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். "எங்கள் ஊழியருக்கு இவ்வளவு சம்பளம் கொடு என்று சொல்வது பத்திரிகைச் சுதந்திரத்துக்கு விரோதம்" என்றார்கள். சுதந்திரத்தையும் சம்பளத்தையும் முதலில் ஒன்றாக முடிச்சுப் போட்டவர்கள் அவர்கள்தான் தம்பி. 1958 ஜனவரியில் எக்ஸ்பிரஸ் நியூஸ்பேப்பர்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும், அது சுதந்திரத்தைப் பறிக்கவில்லை என்றது நீதிமன்றம். ஆனால் அந்தச் சட்டப்படி பத்திரிகையாளருக்குச் சம்பளம் நிர்ணயிக்க அமைத்த முதல் ஊதியக் குழு நிறுவனங்களின் கொடுக்கும் சக்தியைக் கணக்கில் எடுக்கவில்லை என்று அதன் ஊதிய நிர்ணயத்தை ரத்து செய்துவிட்டது. நாம் முன்பு சகால் வழக்கு பார்த்தோம், பென்னட் கோல்மன் வழக்கு பார்த்தோம். அந்த இரண்டிலும் எத்தனை பக்கம் போடலாம், எவ்வளவு காகிதம் என்று அரசு போட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து நிறுவனங்கள் கேட்ட சுதந்திரத்தை நீதிமன்றம் கொடுத்தது, சரியாகத்தான் கொடுத்தது. ஆனால் மூன்று வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே வாதம் ஒரு நாள் வாசகனைக் காக்கிறது, இன்னொரு நாள் ஊழியனுக்கு எதிராக நிற்கிறது.

அந்த 1955 சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். 1962-ல் சட்டத்தைத் திருத்தியபோது பணிக்கொடை பற்றி இப்படி வைத்தார்கள். ஒரு பத்திரிகையாளர் சொந்தக் காரணத்துக்காக வேலையை விட்டால் பத்து வருடம் வேலை பார்த்திருந்தால்தான் பணிக்கொடை. ஆனால் மனசாட்சியின் காரணமாக விட்டால் மூன்று வருடம் போதும். மனசாட்சி என்பதை ஒரு வேலைச் சட்டத்துக்குள் காரணமாக எழுதி வைத்திருந்தார்கள்! நிர்வாகம் ஒரு பொய்யை எழுதச் சொல்கிறது, எனக்கு மனம் ஒப்பவில்லை, போகிறேன் என்று ஒருவர் எழுந்தால் அவர் வெறுங்கையோடு போகக்கூடாது என்று நாடாளுமன்றம் நினைத்திருக்கிறது. அதை முதன்முதலில் படித்த அன்று நான் பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் 1943-க்குப் போக வேண்டும். தினமணி 1934-ல் தொடங்கிய நாள் முதல் டி.எஸ். சொக்கலிங்கம்தான் ஆசிரியர். நிர்வாகத்தோடு கருத்து வேறுபாடு வந்தது, விலகினார். அவர் மட்டும் போகவில்லை, ஆசிரியர் குழுவில் இருந்த பலரும் கூடவே எழுந்து போனார்கள். அதில் ஒருவர் புதுமைப்பித்தன். பிறகு சொக்கலிங்கம் தினசரி என்ற நாளிதழைத் தொடங்கினார், புதுமைப்பித்தன் அங்கேயும் வேலை பார்த்தார். அடுத்த சில வருடங்களில், 1948-ல், காசநோயோடும் கஷ்டத்தோடும் அவர் இறந்துபோனது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு எழுந்து போனவர்களுக்கு முன்னறிவிப்பும் இல்லை, பணிக்கொடையும் இல்லை, அவர்களைக் காக்கும் சட்டமும் இல்லை. அவர்களுக்கு இருந்த துணிச்சலை ஒவ்வொரு நிருபரிடமும் எதிர்பார்ப்பது நியாயமா? வீட்டில் பால்காரருக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய ஒருவரிடம் "நீ தியாகம் செய்" என்று வெளியே நிற்கும் நாம் எப்படிச் சொல்வது?

ஊதியக் குழு கதையை வேகமாக முடிக்கிறேன், முன்பு விரிவாகப் பேசியாயிற்று. கடைசியாக வந்தது மஜிதியா குழு, 2011 நவம்பர் 11-ல் அரசு அதை அறிவித்தது. முதலாளிகள் மறுபடி வழக்கு. 2014 பிப்ரவரியில் நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரர், தலைமை நீதிபதி சதாசிவம் அமர்வு, செல்லும் என்று தீர்ப்பளித்தது. அப்புறம் நடந்ததுதான் முக்கியம். "பழைய சம்பளமே எனக்குப் போதும்" என்று பல இடங்களில் ஊழியர்களிடம் எழுதி வாங்கினார்கள். குழு அறிக்கையில், ஊழியர் விரும்பினால் பழைய சம்பளத்திலேயே இருக்கலாம் என்று 20(ஜே) என்ற ஒரு பத்தி இருந்தது, அதைக் காட்டி வாங்கினார்கள். 2017 ஜூனில் உச்ச நீதிமன்றம், அந்தப் பத்தியை வைத்துக் குழு சொன்ன ஊதியத்துக்குக் குறைவாகக் கொடுக்க முடியாது, ஒப்பந்த ஊழியருக்கும் இது உண்டு என்றது. ஆனால் பாக்கியை ஒவ்வொருவரும் தொழிலாளர் துறைக்கும் தொழிலாளர் நீதிமன்றத்துக்கும் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். வேலையில் இருக்கும்போதே நிறுவனத்தின் மேல் மனு போட எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

இப்போது அந்த 1955 சட்டமே இல்லை. 2020-ல் இயற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தன, பழைய சட்டம் அதற்குள் கரைந்துவிட்டது. நியாயமாகச் சொல்ல வேண்டும், இதில் நல்லதும் உண்டு. தொலைக்காட்சி, இணைய ஊடகங்களில் இருப்பவர்களும் இனிப் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் வருகிறார்கள். பணிக்கொடைக்குப் பத்திரிகையாளருக்கு மூன்று வருடம் போதும். பணி நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம். ஆனால் பத்திரிகையாளருக்கென்று தனி ஊதியக் குழு அமைக்கும் ஏற்பாடு போய்விட்டது. என்னைக் கேட்டால் அது பெரிய இழப்பு.

சரி, தம்பியின் தம்பிக்கு வருவோம்.

தாலுகா நிருபர் என்றால் பல இடங்களில் என்ன நிலைமை? சம்பளம் என்று ஒன்று இருக்காது. அச்சான செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு, பெட்ரோலுக்குக் கொஞ்சம். மீதி வருமானம் விளம்பரக் கமிஷன். ஆண்டு விழா மலர், பொங்கல் மலர், தீபாவளி மலர் என்று வந்தால் இலக்கு கொடுப்பார்கள். அந்த விளம்பரத்தை யாரிடம் போய்க் கேட்பது? கவுன்சிலரிடம், ஒப்பந்ததாரரிடம், தனியார் பள்ளித் தாளாளரிடம், குவாரிக்காரரிடம். யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவர்களிடமே போய் நிற்க வேண்டும். கடன் வாங்கிய வீட்டில் போய் நியாயம் பேச முடியுமா?

எனக்குத் தெரிந்த ஒரு நிருபர், பெயரும் ஊரும் வேண்டாம். ஒரு பள்ளி வாகனம் கவிழ்ந்ததை எழுதினார், தகுதிச் சான்று இல்லாமல் ஓடிய வண்டி என்பதையும் எழுதினார். செய்தி வந்தது. அடுத்த மாதமே மலருக்காக அதே பள்ளியில் அரைப் பக்க விளம்பரம் வாங்கி வரச் சொன்னார்கள். போனார். தாளாளர் உட்கார வைத்து காபி கொடுத்து, விளம்பரமும் கொடுத்து அனுப்பினார். "அந்தக் காபிதான் அண்ணே எனக்குத் தொண்டையில் நிற்கிறது" என்றார் என்னிடம். அந்தப் பள்ளியைப் பற்றி அதன்பிறகு அவர் எழுதவே இல்லை. யாரும் அவரை மிரட்டவில்லை.

மிரட்டலும் இருக்கத்தான் செய்கிறது. 2024 ஜனவரியில் பல்லடம் பகுதியில் ஒரு தொலைக்காட்சி நிருபர், தன்னைச் சிலர் பின்தொடர்கிறார்கள் என்று போலீசுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தும் வெட்டுப்பட்டார். 2007 மே 9-ல் மதுரை தினகரன் அலுவலகத் தாக்குதலில் இறந்த மூன்று பேரும் செய்தி எழுதியவர்கள் இல்லை. இரண்டு பேர் கணினிப் பிரிவு ஊழியர்கள், ஒருவர் காவலாளி. கீழ் நீதிமன்றத்தில் எல்லோரும் விடுதலையாகி, 2019-ல்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. பத்திரிகைச் சுதந்திரம் என்று பேசும்போது அந்தக் காவலாளியும் அந்தப் பேச்சுக்குள் இருக்க வேண்டும். அதனால்தான் தம்பி நான் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன், இனியும் பேசுவேன்.

சேரலாமா என்றால், சேரட்டும். நல்ல நிருபர்கள் தாலுகாவில்தான் வேண்டும். ஊராட்சிக் கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள் என்பதைச் சென்னையில் உட்கார்ந்து யாரும் எழுதப் போவதில்லை. ஆனால் சேரும் முன்பு சிலதைக் கேட்டுவிடட்டும். பணி நியமனக் கடிதம் வாங்க வேண்டும், வாட்ஸ்ஆப்பில் "நாளை முதல் அனுப்புங்கள்" என்று வரும் செய்தி கடிதம் ஆகாது. அந்தக் கடிதத்தில் "இதழியல் என் முதன்மைத் தொழில் அல்ல, எனக்கு வேறு வருமானம் உண்டு" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பகுதி நேரம் என்றாலும் சட்டம் பத்திரிகையாளராக ஏற்கும், முதன்மைத் தொழிலாக இருந்தால். அந்த ஒரு வரியில் கையெழுத்துப் போட்டால் அந்தக் கதவை நாமே சாத்திக்கொள்கிறோம். வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா? விளம்பரம் பிடிப்பது வேலையில் சேர்த்தியா? ஒரு செய்திக்கு அவதூறு நோட்டீஸ் வந்தால் வழக்கறிஞர் செலவு யாருடையது? இந்தக் கடைசிக் கேள்வியை நேரில் கேட்டால் சிரித்துவிட்டு "பார்த்துக்கலாம்" என்பார்கள். மின்னஞ்சலில் கேட்கட்டும், பதில் எழுத்தில் இருக்கும்.

அப்புறம், அனுப்பிய செய்திகளின் நகல், அச்சில் வந்த கட்டிங், பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், எல்லாவற்றையும் தேதி போட்டு எடுத்து வைக்கட்டும். தொழிலாளர் அதிகாரி முன்னால் "இவர் எங்கள் ஊழியரே இல்லை" என்று சொல்வதுதான் வழக்கமாக வரும் முதல் பதில். அப்போது அந்தக் கட்டிங்தான் பேசும். கடிதம் கையில் வந்ததும் புரியாத வரி ஏதாவது இருந்தால், பெயரை மறைத்துவிட்டு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள் தம்பி, அடுத்த வாரம் அதையே எடுத்துவைத்துப் பேசலாம்.