கிரெய்ன் தெரிகிற டிஸ்க் மோசமான டிஸ்க்கா? 'என்டர் தி டிராகன்' பற்றி வந்த கேள்விக்கு விளக்கம்

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி அனுப்பிய கேள்வியைத்தான் இன்றைக்கு எடுத்திருக்கிறேன். அவர் எழுதியதையே படித்துவிடுகிறேன்: "அண்ணா, சேர்த்து வைத்த காசில் 'என்டர் தி டிராகன்' 4கே டிஸ்க் வாங்கினேன். படம் முழுக்கப் பொடிப்பொடியாகக் கிரெய்ன் தெரிகிறது. டைட்டில் ஓடும்போது மங்கலாக இருக்கிறது. வில்லன் பேசும்போது வாயசைவும் குரலும் ஒட்டவில்லை. இதே படத்தின் சண்டையை நண்பன் போனில் காட்டினான், அதில் பளிச்சென்று இருக்கிறது. நான் ஏமாந்துவிட்டேனா? ஒரு சண்டைப் பட டிஸ்க் நல்லதா கெட்டதா என்று எதை வைத்து முடிவு செய்வது? அப்புறம், இதில் இரண்டு வடிவம் இருக்கிறதாமே, எதை முதலில் பார்க்கட்டும்?"

தம்பி, நீங்கள் ஏமாறவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மனசு நிம்மதியாக மீதியைக் கேளுங்கள். நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் டிஸ்க்கில் வந்த குறைகள் இல்லை, 1973ல் அந்தப் படம் எடுக்கப்பட்ட விதத்திலேயே இருப்பவை. ஆனால் டிஸ்க்கில் உண்மையாகவே பார்க்க வேண்டியவை வேறு சில இருக்கின்றன, அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

சிலம்பம் சுற்றுகிறவரைப் பார்க்கும்போது கம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதி ஆட்டம் நமக்குத் தெரியாமலே போய்விடும், காலடியைப் பார்க்க வேண்டும் என்று ஆசான்கள் சொல்வார்கள் இல்லையா, அதேதான் இங்கேயும். சண்டைப் படத்தின் டிஸ்க்கை எடுத்தவுடன் நான் பார்ப்பது உடம்பு. இருவர் மோதுகிறார்கள் என்றால் இருவரின் தலை முதல் கால் வரை, அடிப்பவரும் அடி வாங்குபவரும், நடுவில் இருக்கிற இடைவெளியும் சேர்ந்து தெரிகிறதா? படத்தின் கூர்மை, நிறம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தப் படத்தை நான் முதன்முதலில் பார்த்தது வி.சி.டி.யில். ஒரு தட்டில் எழுபது, எண்பது நிமிடத்துக்கு மேல் கொள்ளாது, அதனால் இரண்டு தட்டு. படத்தின் அளவு 352க்கு 288 புள்ளிகள்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் அகலப் படத்தை அந்தக் கால டி.வி.யின் சதுரத்துக்குள் அடைப்பதற்காக இரண்டு பக்கமும் நறுக்கியிருந்தார்கள். 2.35க்கு 1 என்ற அகலத்தில் எடுத்த படத்தை 1.33க்கு வெட்டினால் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் போய்விடும், கணக்குப் போட்டுப் பாருங்கள். கதாநாயகன் புரூஸ் லீ கால் தூக்குவார், அந்தக் கால் திரையின் விளிம்பைத் தாண்டிப் போகும், சத்தம் கேட்கும், பிறகு யாரோ ஒருவர் கீழே கிடப்பார். யாரை அடித்தார், எங்கே பட்டது, எவ்வளவு தூரத்திலிருந்து பட்டது, ஒன்றும் தெரியாது. நான் பல வருடம் அதுதான் அந்தப் படம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு முழு அகலத்தில் பார்த்தபோது, தொடக்கத்தில் அவர் சம்மோ ஹுங் என்ற ஹாங்காங் நடிகரோடு மோதுகிற காட்சியில் இருவரும் எவ்வளவு தள்ளி நின்று ஒருவரை ஒருவர் அளக்கிறார்கள் என்பதே புதிதாகத் தெரிந்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. சண்டையின் சுவை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அதனால் டி.வி.யில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தால் சந்தோஷப்படுங்கள். அதை எடுக்கிறேன் என்று ரிமோட்டில் ஜூம் போடாதீர்கள். உங்கள் நண்பர் போனில் காட்டியது அநேகமாக இப்படி நறுக்கிய துண்டாகத்தான் இருக்கும், நாளைக்கு டிஸ்க்கில் அதே இடத்தைப் போட்டுப் பக்கத்தில் போனை வைத்துப் பாருங்கள், எத்தனை கை கால் காணாமல் போயிருக்கிறது என்று தெரியும்.

அடுத்தது வேகம். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். நம் ஊரில் பழைய டி.வி. ஓடியது பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில், நொடிக்கு 25. எனவே அந்தக் காலத்து கேசட், வி.சி.டி., டி.வி.டி. பலவற்றில் படத்தை 25ல் ஓட்டிவிடுவார்கள். நாலு சதவீதம் வேகம் கூடும், 99 நிமிடப் படம் 95 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் கொஞ்சம் மெலிந்து மேலே ஏறும். குடும்பப் படத்தில் இது தெரியாது. ஆனால் ஒரு குத்து எவ்வளவு நேரத்தில் போய்த் திரும்புகிறது என்பதையே ரசிக்க வந்த நமக்கு அது பெரிய விஷயம். ஹாங்காங் படங்களில் சண்டைக்காகவே கேமராவை 24க்கும் குறைவான வேகத்தில் ஓட்டி எடுக்கிற வழக்கம் உண்டு, திரையில் அது துரிதமாகத் தெரியும். சண்டை அமைத்தவர் கணக்குப் போட்டு வைத்த வேகம் அது. அதன் மேல் இன்னொரு நாலு சதவீதம் ஏற்றினால் அவர் கணக்கு கெட்டுவிடும். ப்ளூ-ரேயிலும் 4கேயிலும் பெரும்பாலும் 24 ஃப்ரேமே வந்துவிட்டதால் இந்தத் தொல்லை குறைந்துவிட்டது.

ஆனால் டிஸ்க் சரியாக இருந்தும் டி.வி. கெடுக்கலாம். இன்றைய டி.வி.களில் மோஷன் ஸ்மூத்திங் என்று ஒன்று வாங்கும்போதே ஆன் ஆகி இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே இல்லாத ஃப்ரேம்களை அதுவே கற்பனை செய்து சொருகும். வேகமாகச் சுழலும் நுஞ்சாக்குவை, அதாவது சங்கிலியால் இணைத்த இரட்டைக் கம்பை, அது எப்படிக் கற்பனை செய்யும்? கம்பு பாதியில் கரைந்து, கையைச் சுற்றிப் புகை மாதிரி ஒன்று வரும். அதை அணைத்துவிடுங்கள், ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதில் வையுங்கள். இதைச் செய்யாமல் எந்த டிஸ்க்கைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

இப்போது கிரெய்னுக்கு வருவோம், உங்கள் முதல் கவலை. பிலிம் என்பது ஒளி பட்டு மாறுகிற நுண்ணிய வெள்ளி உப்புத் துகள்களால் ஆனது. பிம்பமே அந்தத் துகள்களால்தான் உருவாகிறது, பிம்பத்தின் மேல் யாரோ தூவிய தூசி இல்லை. கீறல், அழுக்கு, புள்ளி இவற்றைத் துடைப்பது நல்ல வேலை. கிரெய்னைத் துடைப்பது வேறு, ஏனென்றால் கணினிக்கு எது துகள், எது வியர்வைத் துளி, எது தோலின் நுணுக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, எல்லாவற்றையும் சேர்த்து வழித்துவிடும். முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடும். புரூஸ் லீயின் முதுகில் தசைநார் ஒவ்வொன்றாக விரிந்து எழுவதைப் பார்க்கத்தானே இந்தப் படத்துக்கு வருகிறோம், அதை வழித்துத் துடைத்த பிறகு எத்தனை கே இருந்து என்ன? போனில் பளிச்சென்று தெரிந்தது பெரும்பாலும் இந்த வழித்தல்தான், கூடவே சின்னத் திரை.

டைட்டில் மங்கல் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அந்தக் காலத்தில் படத்தின் மேல் எழுத்து போட வேண்டுமென்றால், ஒரு காட்சி கரைந்து இன்னொன்று வர வேண்டுமென்றால், லேபில் அந்தத் துண்டை இன்னொரு பிலிமில் மறுபடி படமெடுத்துத்தான் செய்வார்கள். நகலுக்கு நகல் எடுத்தால் கூர்மை குறையும், கிரெய்ன் கூடும். அதனால் ஒரு ஷாட் மங்கலாக இருந்து, எழுத்து போனதும் அடுத்த ஷாட் தெளிவானால் அது பழைய நெகட்டிவிலிருந்தே நேர்மையாக ஸ்கேன் செய்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். எல்லா ஷாட்டும் ஒரே சீராக வழுவழுவென்று இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நிறத்துக்கு எனக்கு ஒரு சின்ன வழி உண்டு. வில்லன் ஹானின் தீவில் மைதானத்தில் மாணவர்கள் வரிசையாக நிற்பார்கள் இல்லையா, வெள்ளைச் சீருடையில், அந்த வெள்ளையைப் பாருங்கள். சில ஹாங்காங் படங்களின் புதிய பதிப்புகளில் படம் முழுக்க மஞ்சள் படிந்துவிடுகிறது, தோல், வானம், சுவர் எல்லாமே தேநீரில் நனைத்த மாதிரி. வெள்ளைத் துணி வெயிலில் வெள்ளையாக இருந்தால் மீதி நிறங்களை நம்பலாம். இருட்டுக்கு, நிலவறையில் நுஞ்சாக்கு சுழற்றுகிற சண்டை. அங்கே கறுப்பு ஒரே மையாக அப்பிக்கொண்டு கால்கள் மறைந்தால், அல்லது இருட்டுப் பகுதியில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், அது டிஸ்க்கின் குறை. இணையத்தில் ஓடும் 4கேயில் இந்தக் கட்டங்கள் அதிகம் வரும், வேகமான அசைவும் கிரெய்னும் சேர்ந்தால் அதிக டேட்டா வேண்டும், அங்கே அதைக் கொடுப்பதில்லை. 4கே டிஸ்க் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேலும் கொடுக்க முடியும்.

வாயசைவு. ஹானாக நடித்தவர் ஷி கியென், ஹாங்காங்கின் பழைய வில்லன் நடிகர். அவருக்கு ஆங்கிலம் வராது என்பதால் கீ லூக் என்ற அமெரிக்க நடிகர் குரல் கொடுத்தார். ஒட்டாமல் இருப்பது அதனால்தான், எந்த டிஸ்க் வாங்கினாலும் ஒட்டாது. உண்மையாகவே சத்தம் தள்ளி வருகிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் இதே படத்தில் நடித்த ஜான் சாக்ஸனின் வாயைப் பாருங்கள். அவர் ஆங்கிலம் பேசுகிறவர், அவருடைய வாயும் விலகியிருந்தால் உங்கள் சவுண்ட்பாரில் தாமதம் இருக்கிறது, அமைப்பில் சரிசெய்யலாம்.

சத்தத்தில் அதைவிட முக்கியமாக ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து ஹாங்காங் படங்களில் பெரும்பாலானவை படப்பிடிப்பில் ஒலி பதியாமல், பிறகு டப்பிங்கில் எல்லாச் சத்தமும் சேர்த்தவை. உடை காற்றில் 'விருட்'டென்று விசிறுவது, குத்து விழும் 'டப்', எல்லாமே ஒருவர் உட்கார்ந்து தாளம் மாதிரி அமைத்தது. சண்டைக்கு அதுதான் மிருதங்கம். பிறகு வந்த பல டிஸ்க்குகளில் ஆறு ஸ்பீக்கரில் கேட்க வேண்டும் என்பதற்காகப் பழைய அடிச் சத்தத்தை எடுத்துவிட்டுப் புதிதாகக் கனமான சத்தம் போட்டார்கள். அடி கனக்கிறது, தாளம் போய்விட்டது. அதனால் டிஸ்க்கின் பின்னட்டையில் நான் முதலில் தேடும் சொல் மோனோ, அதாவது ஒரே தடத்தில் வரும் ஒலி. பழைய மோனோ ட்ராக் இருந்தால் போதும், புதியதும் கூட இருந்துவிட்டுப் போகட்டும். ஜாக்கி சானின் 1985 'போலீஸ் ஸ்டோரி' மாதிரி கான்டனீஸ் (ஹாங்காங்கில் பேசும் மொழி) படமாக இருந்தால் கான்டனீஸ் ட்ராக் இருக்கிறதா, சப்டைட்டில் அந்தப் பேச்சிலிருந்து மொழிபெயர்த்ததா, இல்லை ஆங்கில டப்பிங்கை அப்படியே எழுத்தாக்கியதா என்றும் பாருங்கள். ஒருவர் வாய் மூடியிருக்கும்போது சப்டைட்டில் ஓடினால் அது டப்பிங்கிலிருந்து எடுத்தது.

பிறகு, வெட்டு. பிரிட்டனில் நுஞ்சாக்கு என்றாலே தணிக்கைக்குப் பயம், அந்த ஆயுதம் வருகிற காட்சிகளைப் பல வருடம் வெட்டியே வெளியிட்டார்கள், இந்தப் படம் அங்கே முழுதாக வந்தது 2001ல்தான். எனவே பழைய பிரிட்டிஷ் கேசட்டோ டி.வி.டி.யோ மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள்.

வாங்குவது பற்றி இன்னொன்று. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு, அதாவது இந்தப் பகுதி ப்ளேயரில் மட்டும்தான் ஓடும் என்ற தடை, கிடையாது, எங்கிருந்து வாங்கினாலும் ஓடும். ப்ளூ-ரேக்கள் பலவற்றுக்கு உண்டு, இந்தியா ரீஜன் சி. 2020ல் கிரைட்டீரியன் என்ற அமெரிக்க டிஸ்க் கம்பெனி வெளியிட்ட புரூஸ் லீ தொகுப்பு அருமையானது, ஆனால் அது அமெரிக்க ரீஜன் ஏ. அதற்கேற்ற ப்ளேயர் இல்லாமல் வாங்கிவிட்டு வருத்தப்பட வேண்டாம்.

இரண்டு வடிவம் என்று கேட்டீர்கள். 99 நிமிடத்தில் ஒன்று, 102 நிமிடத்தில் ஒன்று. 99தான் 1973 ஆகஸ்டில் வெளியானது, அதற்கு ஒரு மாதம் முன்னால், ஜூலை 20ல், புரூஸ் லீ இறந்துவிட்டார். கூடுதல் மூன்று நிமிடம் 1998ல் இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்தது, அதில் முக்கியமானது தொடக்கத்தில் ஷாவோலின் குருவோடு அவர் பேசுகிற காட்சி. முதலில் 99ஐப் பாருங்கள், தியேட்டரில் மக்கள் பார்த்த ஓட்டம் அதுதான். ஒரு வாரம் கழித்து 102. எதிரி பிம்பங்களுக்குப் பின்னால் ஒளிகிறான், பிம்பத்தை உடை என்று அந்தக் குரு சொல்வார், அதைக் கேட்டுவிட்டுக் கடைசிக் கண்ணாடி அறைக்கு வரும்போது ஒவ்வொரு கண்ணாடியும் உடைகிற சத்தம் வேறு மாதிரி இருக்கும். அந்த இடத்தில் ஹானின் இரும்பு நகம் கீறிய கோடுகள் அவர் மார்பில் தோலோடு தோலாகத் தெரிகின்றனவா, இல்லை மேலே வரைந்த மாதிரி தட்டையாக இருக்கின்றனவா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள் தம்பி.